ஆன்டிபாடி அளவை வைத்து நோயின் தீவிரத்தைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் புரதம்) ஆயிரக்கணக்கில் வந்தால் சிலருக்கு அசட்டுத் தைரியம் வந்துவிடுகிறது. நூறுக்குக் கீழே வந்தால் தூக்கம் போய்விடுகிறது. சுவாசத் தொற்றுகளைப் பொறுத்தவரை இரண்டுமே அவசர முடிவுகள். அந்த எண் எந்த நாளில், எதை அளந்து வந்தது என்று தெரியாமல் அதற்குப் பொருள் சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்வது. 2020-இல் கோவிட் நோயாளிகளை ஆராய்ந்தபோது, லேசாக வந்து போனவர்களைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தில்தான் ஆன்டிபாடி அதிகம் இருந்தது. உடனே சிலர் ஆன்டிபாடிதான் நோயை முற்றவைக்கிறது என்றார்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு: வைரஸ் அதிகமாகப் பெருகி, அதிக நாள் தங்கினால், உடல் அதற்கேற்ப அதிக ஆன்டிபாடி தயாரிக்கிறது. அதாவது, குணமான பிறகு எடுத்த அளவு நடந்து முடிந்த நோயின் தடயம். அதைக் கணிப்பு என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

கணிக்க வேண்டுமானால் தொற்றுக்கு முன்போ, நோயின் ஆரம்ப நாட்களிலோ அளந்திருக்க வேண்டும். அப்போது படம் தலைகீழாகிறது. கோவிட் சிகிச்சைகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்தபோது சொந்த ஆன்டிபாடி இல்லாதவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 30 சதவீதம் பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்தவர்களில் அது ஏறக்குறைய பாதி. வெளியிலிருந்து இரண்டு செயற்கை ஆன்டிபாடிகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, முதல் குழுவில் இறப்பு 24 சதவீதமாகக் குறைந்தது. இரண்டாவது குழுவுக்குப் பலன் தெரியவில்லை. ஆக, ஆன்டிபாடி சரியான நேரத்தில் வந்ததா என்பதுதான் இங்கே கேள்வி.

அடுத்தது, எந்த ஆன்டிபாடி என்று பார்க்காமல் விடுவது. கோவிட் வைரஸின் வெளிமுள்ளான ஸ்பைக் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி வேறு, உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரானது வேறு. ஸ்பைக்கை மட்டும் கொண்ட தடுப்பூசி போட்டவருக்கு நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடிப் பரிசோதனையில் 'இல்லை' என்று வருவது இயல்பு. தடுப்பூசி வேலை செய்யவில்லை என்று பதறத் தேவையில்லை.

வைரஸில் போய் ஒட்டுகிற எல்லா ஆன்டிபாடியும் அதை முடக்கிவிடாது. இதற்கு வரலாற்றில் வலியான சாட்சி உண்டு. ஆர்எஸ்வி என்பது குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் சுவாச வைரஸ். 1960-களில், ஃபார்மலின் என்ற வேதிப்பொருளால் அந்த வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். ஆன்டிபாடி உருவானது, ஆனால் வைரஸை முடக்கும் திறன் அதற்குப் போதவில்லை. பிறகு இயற்கையாகத் தொற்று வந்தபோது, தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கே நோய் கடுமையானது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

இரண்டு ஆய்வகங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதும் வேண்டாம். 2020 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் கோவிட் ஆன்டிபாடிக்குப் பொது அளவுகோல் கொண்டுவந்தது. அப்படியும் ஒரே ரத்தத்துக்கு வெவ்வேறு கருவிகள் வெவ்வேறு எண் தருவதுண்டு. ஃப்ளூவில் சொல்லப்படும் '1:40' (ரத்தத்தின் சீரத்தை 40 மடங்கு நீர்த்த பிறகும் வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடி அளவு) என்பதும் பலர் நினைப்பதுபோல் மதில்சுவர் கிடையாது. அந்த அளவில் தொற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, அவ்வளவுதான். தொற்றியபின் நோய் எவ்வளவு முற்றும் என்பதை அது சொல்வதில்லை.

தொற்றைத் தடுப்பதும் நோய் முற்றாமல் தடுப்பதும் ஒன்றல்ல என்பதையும் மறந்துவிடுகிறோம். 2021-இல் பல கோவிட் தடுப்பூசி ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். நோயிலிருந்து குணமானவர்களின் ரத்தத்தில் உள்ள, வைரஸை முடக்கும் ஆன்டிபாடியின் சராசரி அளவில் ஏறக்குறைய 20 சதவீதம் இருந்தால் அறிகுறியுள்ள தொற்றிலிருந்து 50 சதவீதப் பாதுகாப்பு கிடைக்கும்; கடுமையான நோயிலிருந்து அதே பாதுகாப்புக்கு வெறும் 3 சதவீதம் போதும் என்று வந்தது. சில மாதங்களில் அளவு இறங்குவதைப் பார்த்துக் கலங்குவோர் இதைக் கவனிக்கலாம். பழைய தொற்றை நினைவில் வைத்து மீண்டும் ஆன்டிபாடி தயாரிக்க உதவும் நினைவு பி செல்களும், தொற்றிய செல்களை அழிக்க உதவும் டி செல்களும் இந்தப் பரிசோதனையில் தெரிவதே இல்லை.

அப்புறம், ஆன்டிபாடி என்றாலே நல்லது என்ற எண்ணம். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா வந்த 987 பேரில் 101 பேருக்கு, வைரஸை எதிர்க்க உடல் முதலில் சுரக்கும் புரதமான இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடி இருந்தது. லேசான தொற்றோ அறிகுறியில்லாத தொற்றோ வந்த 663 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. தீவிரத்தைக் கணிக்க இவ்வளவு தெளிவான ஆன்டிபாடி அரிது. வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் இது இருப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

சரி, பரிசோதனையே வீணா? உறுப்பு மாற்றம் செய்தவர்கள், பி செல்களை அழிக்கும் மருந்து எடுப்பவர்கள் விஷயத்தில் ஆன்டிபாடி இல்லை என்ற முடிவு மருத்துவரின் சிகிச்சைத் தேர்வை மாற்றலாம். மற்றபடி, தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்புசக்தியை அளக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 மே மாதமே சொல்லிவிட்டது. காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ ஆக்சிஜன் அளவு இறங்கினாலோ, ரிப்போர்ட்டில் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.