இங்கிலாந்தின் பழைய சர்ச் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுவது எப்படி?

என் மாமியார் இங்கிலாந்தில் நார்ஃபோக் கவுண்டிக்காரர் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). போன கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது தடிமனான குடும்ப பைபிள் ஒன்றை எடுத்து வந்து காட்டினார். முதல் தாளில் மங்கிய மையில் ஐந்தாறு பெயர்கள், தேதிகள். "இவர்களெல்லாம் யார் என்று எனக்கே தெரியாது. கண்டுபிடித்துத் தருவாயா?" என்று கேட்டார். பத்து மாதங்கள் ஆயின. 1731 வரை போய்விட்டேன். வழியில் நான் எங்கே இடறினேன் என்று தெரிந்தால் உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகாது.

பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர் எல்லை. நம்மூரில் பங்கு என்றோ சேகரம் என்றோ சொல்வோமே, அதுதான். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் 1538ல் ஓர் ஆணை போட்டார்: ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். 1598ல், தாளில் எழுதிய பழைய புத்தகங்களைத் தோலேட்டில் படியெடுக்கச் சொன்னார்கள். முதலாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்த 1558 முதல் எடுத்தால் போதும் என்று பல ஊர்களில் விட்டுவிட்டார்கள். அதனால் நிறைய பதிவேடுகள் 1558ல்தான் தொடங்கும். அதற்கு முந்தையது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

முதலில் 1837க்கு வாருங்கள்

1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பை அரசாங்கமே பதிய ஆரம்பித்துவிட்டது. திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போங்கள். அப்புறம் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். அதில் ஒவ்வொருவரும் எந்த பாரிஷில் பிறந்தார் என்று எழுதியிருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த ஊர்ப் பெயர்தான்.

1841 கணக்கெடுப்பில் 'இதே கவுண்டியில் பிறந்தவரா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். வயதையும் அப்படியே நம்பாதீர்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார்.

எந்தத் தளத்தில் தேடுவது

நான் முதலில் போவது ஃப்ரீரெக். தன்னார்வலர்கள் பதிவேடுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். எந்த ஊருக்கு எந்த ஆண்டு வரை தட்டச்சு செய்து முடித்திருக்கிறார்கள் என்றும் அங்கே பார்க்கலாம். 'தேடினேன், கிடைக்கவில்லை' என்பதும் 'அந்த ஆண்டுகள் இன்னும் ஏற்றப்படவே இல்லை' என்பதும் வேறு வேறு அல்லவா? எது என்று தெரியாமல் நாம் வேறு ஊருக்குத் தாவிவிடுவோம்.

அடுத்தது ஃபேமிலிசர்ச். இதுவும் இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். நார்ஃபோக் பதிவேடுகளின் படங்கள் அங்கே ஏராளம். சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது. அவர்களுடைய மையத்துக்கோ அவர்களோடு இணைந்த நூலகத்துக்கோ போனால்தான் பார்க்க முடியும். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டும் பணம் கட்டும் தளங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் கட்டணம் செலுத்துமுன் பக்கத்துப் பொது நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்களில் உறுப்பினர்களுக்கு இவை இலவசம்.

எந்தத் தளமானாலும் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் குடும்ப மரங்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் செய்த தவறை நாற்பது பேர் நகலெடுத்திருப்பார்கள். நாற்பது இடத்தில் இருப்பதாலேயே அது உண்மை போலத் தெரியும். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரி: பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்க்கும் வரை ஒரு பெயரையும் என் மரத்தில் சேர்ப்பதில்லை.

பக்கத்தைப் படிப்பது

1813க்குப் பிந்தைய பக்கங்கள் சுலபம். அச்சடித்த படிவம், கட்டம் கட்டமாக இருக்கும். ஞானஸ்நானப் பதிவில் அப்பாவின் தொழில், குடியிருக்கும் இடம் எல்லாம் வந்துவிடும். அதற்கு முன்னால் குருவானவர் மனம்போல எழுதியதுதான். 'ஜான், ஜான் மற்றும் மேரியின் மகன்' என்று ஒரே வரி. 17ஆம் நூற்றாண்டுக்குள் நுழைந்துவிட்டால் எழுத்தே வேறு மாதிரி இருக்கும்.

ஒரே பாரிஷை எடுத்துக்கொண்டு, புதிய பக்கத்திலிருந்து பழைய பக்கத்துக்கு மெதுவாகப் போங்கள். ஊரில் உள்ள குடும்பப் பெயர்கள் பத்துப் பதினைந்துதான், அவையே திரும்பத் திரும்ப வரும். 1790ல் தெளிவாகப் படித்த பெயரை 1690ல் கிறுக்கலாகப் பார்த்தாலும் அடையாளம் தெரிந்துவிடும். 'மகன்', 'மகள்', 'அடக்கம்' என்ற சொற்கள் எல்லா வரியிலும் இருப்பதால் அவற்றிலிருந்து அந்தக் கையெழுத்தின் அகரவரிசையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பழைய கையெழுத்து படிக்க இலவசப் பயிற்சி இருக்கிறது. ஒரு வாரம் தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்தேன், பெரிய உதவி.

1733 வரை லத்தீனில் எழுதிய பதிவேடுகளும் உண்டு. பயப்பட வேண்டாம், பத்து சொல் தெரிந்தால் போதும். குலியெல்மஸ் என்றால் வில்லியம், ஜாக்கோபஸ் என்றால் பெரும்பாலும் ஜேம்ஸ், ஃபீலியஸ் மகன், ஃபீலியா மகள்.

மாதங்களில் ஒரு பொறி இருக்கிறது. 7 என்ற எண்ணுக்குப் பின்னால் 'பர்' என்று ஒட்டியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். லத்தீனில் செப்டம் என்றால் ஏழு, அந்தக் கணக்கு.

என்னை மூன்று வாரம் அலைக்கழித்த இடம்

மாமியாரின் பைபிளில் இருந்த மிகப் பழைய பெயரை வைத்துத் தேடியபோது எல்லாம் பொருந்துகிற ஒரு தம்பதி கிடைத்தார்கள். திருமணம் 1731 ஏப்ரல். மூத்த பிள்ளையின் ஞானஸ்நானம் 1731 பிப்ரவரி. கல்யாணத்துக்கு முன்பே பிள்ளையா? அப்படி நடந்திருந்தால் குருவானவர் பெரும்பாலும் அதைக் குறித்திருப்பார். இங்கே தாய் தகப்பன் இருவர் பெயரும் ஒழுங்காக, ஒரே குடும்பப் பெயரோடு இருந்தது. சரி, இது வேறு தம்பதி என்று முடிவு செய்து, பக்கத்து ஊரில் அதே பெயருள்ள இன்னொரு ஜோடியின் பின்னால் போய்விட்டேன்.

உண்மையில் அந்தக் கால இங்கிலாந்தில் புத்தாண்டு ஜனவரி 1 அல்ல, மார்ச் 25. கன்னி மரியாளுக்குத் தேவதூதன் நற்செய்தி சொன்ன திருநாள் அது. ஆகவே 1731ஆம் ஆண்டு மார்ச் 25ல் பிறந்து, ஏப்ரல், மே, டிசம்பர் எல்லாம் கடந்து, ஜனவரி, பிப்ரவரியும் தாண்டி மார்ச் 24ல்தான் முடியும். அந்த ஆண்டின் பிப்ரவரி, ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வருவது! நம் கணக்கில் அது 1732 பிப்ரவரி. கல்யாணமாகிப் பத்தாம் மாதம் பிள்ளை. நான் ஒதுக்கிவிட்ட தம்பதிதான் சரியான தம்பதி.

1752 முதல்தான் ஜனவரி 1 ஆண்டின் தொடக்கமானது. அதே ஆண்டில் செப்டம்பர் 2க்கு மறுநாளை 14 என்று வைத்துப் பதினொரு நாட்களை நீக்கினார்கள். ஸ்காட்லாந்தில் 1600லேயே ஜனவரிக்கு மாறிவிட்டார்கள், அங்கே தேடுபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஆகவே 1752க்கு முன் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை எந்தத் தேதி வந்தாலும் 1731/32 என்று இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். தட்டச்சு செய்தவர்களில் சிலர் நம் கணக்குக்கு மாற்றிப் போடுவார்கள், சிலர் இருந்தபடியே போடுவார்கள். இரண்டில் எது என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது. படத்தைத் திறந்து முன்னும் பின்னும் இரண்டு பக்கம் புரட்டுங்கள். டிசம்பருக்கு அடுத்து ஆண்டு மாறாமலே ஜனவரி தொடர்ந்தால் பழைய கணக்கு.

பிள்ளை உயிரோடு இருந்ததா?

பிறந்த பதிவு கிடைத்த சந்தோஷத்தில் எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள். ஞானஸ்நானம் கிடைத்தவுடன் அடுத்த பத்து ஆண்டுகளின் அடக்கப் பதிவுகளையும் வரி வரியாகப் பாருங்கள். பிள்ளை இறந்துவிட்டால் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே வழக்கம். எங்கள் குடும்பத்திலேயே ஒரே பெயரில் மூன்று பையன்கள். முதல் இருவரும் கைக்குழந்தையாகவே போய்விட்டார்கள், மூன்றாமவர்தான் என் கணவரின் முன்னோர். அந்த இரண்டு அடக்க வரிகளைப் படித்த அன்று மாமியாருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொன்னேன். பைபிளில் அந்தப் பெயர்களையும் அவர் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.

பக்கமே இல்லாவிட்டால்

உள்நாட்டுப் போர் காலத்திலும் அதன் பின்பும், சுமார் 1642 முதல் 1660 வரை, பல பதிவேடுகளில் ஓட்டை இருக்கும். மற்ற காலங்களில் காணாமல் போயிருந்தால் பிஷப்புக்கு அனுப்பிய படியைத் தேடுங்கள். 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு படி எழுதி அனுப்ப வேண்டும் என்று விதி. ஈரத்தில் அழிந்த புத்தகத்தின் படி கவுண்டி ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கலாம். இரண்டும் இருந்தால் ஒப்பிடுங்கள். நார்ஃபோக்குக்கு நாரிச் நகரில் காப்பகம். போவதானால் பென்சில் எடுத்துப் போங்கள், பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.

பின்சேர்க்கை 1: திருமண ஆண்டு கிடைத்தும் திருமணப் பதிவு இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் பார்த்தது ஓலைப் பதிவு, அதாவது இவர்களுக்குக் கல்யாணம் நடக்கப்போகிறது என்று சர்ச்சில் வாசிக்கும் முன்னறிவிப்பு. நம் சர்ச்சுகளில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது போலவே அங்கேயும் உண்டு. 1754ல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத்துக்குப் பின் ஓலையையும் திருமணத்தையும் முறையாகப் பதிந்தார்கள். ஓலை வாசித்ததால் கல்யாணம் நடந்தது என்று ஆகாது. மணமக்கள் வேறு வேறு பாரிஷ் என்றால் இரண்டு இடத்திலும் வாசிப்பார்கள், கல்யாணம் ஓரிடத்தில்தான். மற்ற பாரிஷையும் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: 1780களின் பதிவுகளில் பெயருக்குப் பக்கத்தில் 'P' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து என்ன என்று இரண்டு பேர் கேட்டார்கள். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. ஏழைகளுக்கு (ஆங்கிலத்தில் pauper) விலக்கு, அதைக் குறிக்கும் எழுத்து அது. வரி வருவதற்குச் சற்று முன்னால் ஒரே நாளில் ஒரு வீட்டின் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தால் அவர்களை ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவேடு சொல்வது ஞானஸ்நானத் தேதியை. பிறந்து ஐந்து வருடம் கழித்தும் நடந்திருக்கலாம்.