நாலு பேருக்கு நாலு சைட்டு, வேர்ட்பிரஸ் ஒண்ணே ஒண்ணு

காரைக்குடியில தெரிஞ்சவுக நாலு பேரு சைட்டு வேணும்னு கேட்டாக. பலகாரம் போட்டு விக்கிற ஆச்சி, ஆத்தங்குடி கல்லு போடுற அண்ணன், கண்டாங்கி சேலைக்காரவுக, அப்புறம் முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடை வச்சிருக்கவுக. ஆளுக்கொரு வேர்ட்பிரஸ் (சைட்டு கட்டுற சாஃப்ட்வேரு) போட்டுக் குடுத்தா மாசாமாசம் நாலு எடத்துல அப்டேட்டு, நாலு பேக்கப்புன்னு நாந்தான் அல்லாடணும், அதனால ஒரே வேர்ட்பிரஸ்ல பல சைட்ட நடத்துற மல்டிசைட்ல எறங்கிட்டேன்.

நம்ம ஊரு வீட்ட நெனச்சுக்குங்க. முகப்பும் வளவும் எல்லாருக்கும் பொது, வளவ சுத்தி ஆளுக்கொரு அறை, கல்யாணமாகி வேறு வச்சுட்டா தனி அடுப்பு. மல்டிசைட்டும் அப்படித்தான், வேர்ட்பிரஸ் ஃபைலு, தீமு (சைட்டோட தோற்றம்), பிளகின் (கூடுதல் வசதி சேக்குற துண்டு சாஃப்ட்வேரு), யூசர் டேபிள் எல்லாம் பொது, ஒவ்வொரு சைட்டுக்கும் டேட்டாபேஸ்ல தனியா பத்து டேபிளு, போட்டோ போட தனி ஃபோல்டரு. முன்னாடி இது வேர்ட்பிரஸ் எம்யூன்னு தனி சாஃப்ட்வேரா இருந்துச்சு, 2010ல 3.0 வந்தப்ப உள்ளயே சேத்துட்டாங்க, அதனால தனியா எதையும் எறக்க வேண்டாம், காசும் கெடையாது.

மொதல்ல ஃபுல் பேக்கப் எடுத்துட்டு பிளகின் எல்லாத்தையும் டீஆக்டிவேட் பண்ணிருங்க. அப்புறம் டபிள்யூபி-கான்ஃபிக்ங்கிற செட்டிங் ஃபைல தொறந்து மல்டிசைட்ட அனுமதிக்கிற அந்த ஒத்த வரிய போடணும். வரிய இங்க தமிழ்ல எழுதுனா நீங்க அப்படியே காப்பி பண்ணி சைட்ட கவுத்துருவீக, அதனால வேர்ட்பிரஸோட கையேட்டுல இருந்தே எடுத்துக்குங்க, டிஃபைன்னு ஆரம்பிச்சு ட்ரூன்னு முடியும். 'ஸ்டாப் எடிட்டிங்'னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதுக்கு மேலதான் போடணும்.

சேவ் பண்ணுனா டூல்ஸ் மெனுவுல நெட்வொர்க் செட்டப்னு ஒண்ணு மொளச்சிருக்கும். அங்க கேக்குற கேள்விதான் முக்கியம், சப்டொமைனா சப்டைரக்டரியான்னு. அதாவது பலகாரம்ங்கிற பேரு அட்ரஸுக்கு முன்னாடி வரணுமா, சாய்கோடு போட்டு பின்னாடி வரணுமா. பின்னாடி மாத்துறது பெரிய ரோதன, நிதானமா முடிவு பண்ணுங்க. ஒரு மாசத்துக்கு மேல பழசான போஸ்ட் இருக்கிற சைட்டுன்னா சப்டைரக்டரி குடுக்கவே குடுக்காது, ஏற்கனவே இருக்கிற அட்ரஸோட மோதிரும்னு. சப்டொமைன்னா டிஎன்எஸ்ல (சைட்டு பேரு எந்த சர்வருன்னு சொல்ற எடம்) நட்சத்திரக்குறி போட்டு ரெக்கார்டு வைக்கணும், சர்வர்ல எல்லா சப்டொமைனும் அதே ஃபோல்டரத்தான் பாக்கணும், பாதுகாப்பு சர்ட்டிஃபிகேட் குடுக்கிற லெட்ஸ் என்க்ரிப்ட்ல எல்லா சப்டொமைனுக்கும் சேத்து வைல்டுகார்டு சர்ட்டிஃபிகேட் வாங்கணும், அதுவும் டிஎன்எஸ் வழியா வெரிஃபை பண்ணுனாத்தான் குடுப்பாங்க. சின்னதா பண்றவுகளுக்கு புது இன்ஸ்டால்ல சப்டைரக்டரியே போதும்ங்கிறது என் கட்சி. நாளைக்கு ஆச்சி சொந்த டொமைன் வாங்குனாலும், சைட் எடிட்ல அட்ரஸ மாத்திக்கலாம், வேர்ட்பிரஸ் 4.5ல இருந்து அதுக்கு தனி பிளகின் தேவையில்ல, டொமைன மட்டும் நம்ம சர்வருக்கு திருப்பி விட்டுரணும்.

அடுத்து ரெண்டு துண்டு கோடு காட்டும், ஒண்ணு கான்ஃபிக்ல, இன்னொண்ணு சர்வருக்கு வழி சொல்ற ஹெச்டிஆக்சஸ் ஃபைல்ல. போட்டுட்டு மறுபடி லாகின் பண்ணுங்க. மேல மை சைட்ஸ், அதுக்குள்ள நெட்வொர்க் அட்மின், அதுல சைட்ஸ், ஆட் நியூ. பேரு, மெயிலு குடுத்தா சைட்டு ரெடி, ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இனிமேத்தான் போன் வர ஆரம்பிக்கும். ஆச்சி மொத நாளே கூப்பிட்டு "தம்பி, தேன்குழல் படம் ஏற மாட்டேங்குது"ன்னாக. போன்ல எடுத்த 4 எம்பி போட்டோ. நெட்வொர்க் செட்டிங்ஸ்ல அப்லோடு சைஸ் சும்மாவே 1500 கேபிதான் வச்சிருக்கும், மறக்காம ஏத்தி விடுங்க. நான் ரெண்டு நாளு ஹோஸ்டிங்க திட்டிக்கிட்டு இருந்தேன், தப்பு என் மேலதான். கல்லு அண்ணனுக்கு வேற பிரச்சன, கூகுள் மேப்ப சைட்டுக்குள்ள காட்டுற ஐஃப்ரேம் கோட ஒட்டுவாரு, சேவ் பண்ணுனா காணாமப் போயிரும். மல்டிசைட்ல அந்த மாதிரி கோடு போடுற உரிமை நெட்வொர்க் முழுசையும் பாத்துக்கிற சூப்பர் அட்மினுக்கு மட்டும்தான், பொது வீட்டுல ஒருத்தரு கண்டத கொளுத்திப் போட்டா எல்லாரு அறையும் எரியும்ல, அதான். தீமும் நெட்வொர்க் முழுக்கவோ அந்த சைட்டுக்கு மட்டுமோ நாம எனேபிள் பண்ணாதான் அவுக கண்ணுக்கு தெரியும்.

கார்டு, யூபிஐன்னு காசு வாங்குற கடைய மட்டும் இதுக்குள்ள வைக்காதீக, ஒரு பிளகின் கோளாறு பண்ணுனா நாலும் சேந்து படுத்துரலாம், தீவாளி ஆர்டர் நேரத்துல ஆச்சிக்கு நான் பதில் சொல்ல முடியாது.

சேலைக்காரவுக போன மாசம் பாகம் பிரிச்சுக்கிட்டு தனி ஹோஸ்டிங் போயிட்டாக. எக்ஸ்போர்ட்ல போஸ்ட், பக்கம் எல்லாம் வந்துச்சு, தீம் செட்டிங் வரல, போட்டோவ புது சைட்டு பழைய அட்ரஸுல இருந்துதான் இழுக்கும். அதனால போனவுகன்னு ஒடனே டிலீட் பண்ணிறாதீக, புது எடத்துல எல்லா படமும் வந்துருச்சான்னு அவுகளையே ஒருதரம் பாக்கச் சொல்லிட்டு அப்புறம் அழிங்க.