தீசிஸ் நன்றிப் பக்கத்துல தமிழ் உடைஞ்சு வந்தது – என் அனுபவம்

போன வருஷம் உடம்பு முடியாம நாலு மாசம் படுத்துட்டேன், டிபார்ட்மென்ட்ல கூட இருந்தவங்கதான் என் கிளாஸையும் எடுத்து டேட்டாவையும் ஓட்டி முடிச்சாங்க, அதனால நன்றிப் பக்கத்தை மட்டும் தமிழ்லயே போடணும்னு முடிவு பண்ணேன்.

லேடெக்ல (கோடு மாதிரி எழுதி பக்கத்தை வடிவமைக்கிற சாஃப்ட்வேர்) எழுதி பிடிஎஃப் எடுத்தா கொ, செ வர்ற பேரெல்லாம் உடைஞ்சு கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது. கமலா, மாலா மாதிரி பேரு மட்டும் சுத்தமா வந்துச்சு, அதனாலயே டைப்பிங் தப்புன்னு நினைச்சு ரெண்டு நாள் திரும்பத் திரும்ப அடிச்சேன். லதா ஃபாண்ட், அப்புறம் நோட்டோ செரிஃப் தமிழ், ரெண்டுலயும் அதேதான். தமிழ் எழுத்தை நேரடியா எடுத்துக்கிற லேடெக் வகையான ஸீலேடெக்லதான் ஓட்டினேன், அதனால அதுலயும் தப்பு இல்ல. படமா ஒட்டிடலாமான்னுகூட யோசிச்சேன், மனசு வரல.

கடைசில பார்த்தா ஃபாண்ட்ஸ்பெக்ல (லேடெக்ல ஃபாண்டைத் தேர்ந்தெடுக்கிற பேக்கேஜ்) ஃபாண்ட் பேரு கொடுத்த இடத்துல ஸ்கிரிப்ட் ஆப்ஷனை தமிழ்னு சொல்லவே இல்ல. அது இல்லாட்டி கொம்பை முன்னாடி நகர்த்துற வேலையே நடக்காது. ஒரு வார்த்தை சேர்த்தேன், எல்லாம் ஒக்காந்துடுச்சு.

ஆனா இன்னொண்ணு. சௌ-ல தொடங்குற ஒரு பேரு பார்க்க சரியா இருந்தும் பிடிஎஃப்ல தேடினா சிக்கல. நான் சௌ-வுக்குப் பதிலா செ போட்டு பக்கத்துல ள எழுத்தை அடிச்சிருக்கேன், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு என் புரோகிராமை ஓட்டிக் கொடுத்தவங்க பேரு அது, அதை மாத்திட்டுத்தான் சப்மிட் பண்ணேன்.