ஊர் வரலாற்றுக்கு நல்கை கேட்கும்போது சறுக்கும் இடங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து நடுகற்களைப் பதிவு செய்ய நிதி கேட்கும் விண்ணப்பங்களில் ‘கேட்பாரற்றுக் கிடக்கும் நடுகற்கள்’ என்ற தொடர் தவறாமல் வந்துவிடும். நானும் அப்படி எழுதியவன்தான். அப்புறம் ஊருக்குப் போய்ப் பார்த்தால், கல்லுக்கு மஞ்சள் பூசி, எண்ணெய் ஊற்றி, வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லுக்குக் கேட்பார் இருந்தார்கள்; நான்தான் அவர்களைக் கேட்கவில்லை.

ஊர் வரலாறு, வாய்மொழிக் கதை, கூத்து, நடுகல், ஓலைச்சுவடி என்று ஊராரோடு சேர்ந்து செய்யும் வேலைகளுக்கு நல்கை கேட்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டு ஊருக்குப் போகிறோம். போன பிறகு எழுதினால் பாதித் தவறு தானாகவே நின்றுவிடும்.

சரி, ஊருக்குப் போவது என்றால் யாரிடம் போவது? பஞ்சாயத்துத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிட்டால் ‘சமூக ஒப்புதல்’ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒரு கூட்டத்தில் எழுந்து, என்ன செய்யப்போகிறோம், பணம் யாருடையது, பதிவு எங்கே போகும் என்று சொல்லிப் பாருங்கள். அங்கே வரும் கேள்விகள் எந்த மதிப்பீட்டாளர் கேட்பதையும்விடக் கூர்மையாக இருக்கும். அதுவும் போதாது. பூசாரி வீடு, கல் நிற்கும் நிலத்துக்காரர், ஊர்த்தெருவுக்கு வெளியே இருக்கும் குடியிருப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். ஊர் வரலாறு என்று நாம் எழுதுவது பல நேரம் ஊர்த்தெருவின் வரலாறாகவே முடிந்துபோகிறது. காலனியில் கேட்டால் அதே கோயிலுக்கு, அதே ஏரிக்கு வேறு கதை இருக்கும். இரண்டு கதைக்கும் திட்டத்தில் இடம் இல்லாவிட்டால் ஊருக்குள் சண்டை மூட்டிவிட்டு வந்தவர்கள் ஆவோம்.

அடுத்தது, தப்பான கதவைத் தட்டுவது. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டம் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அந்த நல்கையில்தான் 1870 முதல் 1940 வரையிலான ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களைத் தேடிப் படியெடுத்தது. அந்த மாதிரித் தாள்கள் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடப்பவை. ஆனால் அது ஏற்கெனவே இருக்கும் பழைய ஆவணங்களுக்கான பணம். பாட்டிகளிடம் புதிதாகப் பேட்டி எடுக்க அங்கே கேட்டால் கிடைக்காது. மூல ஆவணம் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பதும் அவர்கள் விதி. இதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நிலத் தகராறு இருக்கும் வீட்டில் பழைய தாளை வெளியே எடுக்கவே பயப்படுவார்கள். கேமராவை நாம் கொண்டுபோக வேண்டும், பெட்டியை நாம் தூக்கி வரக் கூடாது.

பெங்களூரில் உள்ள இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை தனிநபர்களுக்கும் நல்கை தருகிறது. விண்ணப்பத்தை எந்த இந்திய மொழியிலும் எழுதலாம். அப்படியிருந்தும் தமிழில் நன்றாக எழுதக்கூடியவர்கள் ஓட்டை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் வேறு மாதிரி. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியம், கலை, பொது நூலகம், மரபுக் கலைகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் வாங்குகிற அமைப்புக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு, மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். போன மாதம் பதிவு செய்த இளைஞர் மன்றம் இதற்கு எழுதுவது வீண் வேலை. தங்கள் ஆலை இருக்கும் பகுதிக்குத்தான் முன்னுரிமை தருவார்கள் என்பதால் நூறு மைல் தள்ளி இருக்கும் நிறுவனத்துக்கு எழுதுவதும் அநேகமாக அப்படித்தான். இன்னொன்று: நடுகல்லுக்குப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர்ப் பலகை வைக்க ஒப்புக்கொள்வதற்கு முன் ஊரைக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு வேண்டும். அதற்கு அமைப்பு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், குறிப்பிட்ட ஒரு நல்கைக்கு மட்டும் முன்அனுமதி கேட்கலாம். பழைய ஆட்கள் இதைக் கேட்டால், ‘அதனாலென்ன, பெரிய அமைப்பு ஒன்று வாங்கி நமக்குப் பிரித்துத் தரும்’ என்பார்கள். 2020 திருத்தத்தோடு அந்த வழி அடைபட்டது. ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கோ ஆளுக்கோ மாற்றித் தரக் கூடாது. பதிவு உள்ள அமைப்பே திட்டத்தை நடத்த வேண்டும், செலவுகளை நேரடியாகக் கொடுக்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் அதே திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. பட்ஜெட் போடும்போது இதை மறந்துவிட்டு, பணம் வந்த பிறகு ஆடிட்டர் முன்னால் விழிக்கிறவர்கள் உண்டு.

பட்ஜெட் என்றதும் முதல் வரியில் கேமரா வந்துவிடும். கூத்தாடுகிறவருக்கு என்ன என்று தேடினால், கடைசியில் ‘பொன்னாடை, நினைவுப் பரிசு’ என்று இருக்கும். பதிவு செய்கிறவருக்குச் சம்பளம், பாடுகிறவருக்குச் சால்வை. இரவு முழுக்க ஆடும் ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) ஊர்த் திருவிழாவில் என்ன கொடுக்கிறார்களோ, குறைந்தது அதையாவது வரியாகப் போடுங்கள். பேட்டி தரும் கூலித் தொழிலாளிக்கு அன்றைய கூலி போகிறது, அதுவும் செலவுதான். எழுத்தாக்கும் வேலையை யாருமே கணக்கில் வைப்பதில்லை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். பல் போன தாத்தா வட்டார வழக்கில் பேசினால் இன்னும் கூடும்.

காலக்கணக்கிலும் இதே கதை. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பங்குனி வாக்கில் தொடங்கி ஆடி வரை ஓடும். நாமோ நிதியாண்டைப் பார்த்து ஏப்ரலில் தொடக்கம் என்று எழுதுகிறோம். ஒப்பந்தம் கையெழுத்தாகி முதல் தவணை கைக்கு வருவதற்குள் ஆவணி பிறந்துவிட்டால், துரியோதனன் படுகளமெல்லாம் முடிந்திருக்கும். பேட்டி மட்டும்தான் நோக்கம் என்றால் நேர்மாறாக நினைக்க வேண்டும். சீசனில் ராத்திரி ஆடிவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதரை எழுப்பி ‘உங்கள் குருவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் என்ன சொல்வார்?

செலவுக்கு பில் கிடைக்காது என்பது கிராமத்தில் தெரிந்த விஷயம். அதற்காகத் தெரிந்த கடையில் வெற்று பில் வாங்கி எழுதிக்கொள்ளாதீர்கள், எளிதில் மாட்டிக்கொள்வீர்கள். பெயர், வேலை, தேதி, கையெழுத்து அல்லது கைநாட்டு உள்ள வவுச்சர் போதும். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அறக்கட்டளைக் கணக்கில் அது செலவாக நிற்காது. ஜமா வாத்தியாரின் வங்கிக் கணக்கு எண்ணை முதல் சந்திப்பிலேயே வாங்கிவிடுங்கள்.

நடுகற்களை எல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து கூரை போடுவதாக எழுதுவது இன்னொரு வழக்கம். 100 ஆண்டு கடந்த சிற்பமும் கல்வெட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தொல்லியல் துறையிடம் பேசாமல் இடம் மாற்றுவது, ஆசிட் ஊற்றிக் கழுவுவது, பெயின்ட் அடிப்பது எதுவும் திட்டத்தில் வரக் கூடாது. வேடியப்பனை நகர்த்த ஊரும் விடாது.

கடைசியில், பதிவானவை எங்கே போகும்? ‘இணையத்தில் வெளியிடப்படும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை, அதாவது தன் பாட்டைப் பதிவு செய்யவும் வெளியிடவும் அனுமதிக்கும் உரிமை, 50 ஆண்டு உண்டு. அவரிடம் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, ஒப்புதல் வாங்க வேண்டும். சில பாட்டு சாவு வீட்டில் மட்டும் பாடுவது, சில கதை ஒரு குடும்பத்துக்குள் இருப்பது. வெளியிட வேண்டாம் என்று சொல்ல ஒப்புதல் படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும். ஊருக்கு ஒரு படி கொடுப்பது என்றால் பஞ்சாயத்து அலுவலக பீரோவில் ஹார்டு டிஸ்க் வைப்பது என்று ஆகிவிட்டது. அதைத் திறக்க அங்கே ஆள் இருக்காது. பாடியவரின் பேரப்பிள்ளைகள் செல்போனில் கேட்கிற மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்கவும், அதை வீடு வீடாகப் போய் ஏற்றித் தரும் ஆளுக்கு இரண்டு நாள் சம்பளத்துக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள்.