50 கிலோ மூட்டை, 25 கிலோ இழுவை: ரெண்டு கப்பியும் ஒரு கயிறும் வச்சு சரிவுல சாமான் ஏத்துறது எப்படி

எங்க லயத்துக்கு (தோட்டத் தொழிலாளருக்குக் கட்டின வரிசை வீடு) கீழ ஒரு மரக்கறித் தோட்டம் இருக்கு, லீக்ஸ், கெரட், கோவா, சில போகத்துல உருளைக்கிழங்கு. றோட்டு மேல, தோட்டம் கீழ, நடுவுல ஒரு 40 அடி சரிவு, அவ்வளவுதான். ஆனா அந்த 40 அடியில எங்க அம்மா தலையில சுமந்து ஏத்தின மூட்டைய எண்ணி முடிக்க ஏலாது. பகல் முழுக்க மலையில கொழுந்து எடுத்துட்டு வந்து, பின்னேரம் இந்த சுமையும். இலங்கை மலையகத்துல முக்காவாசி வீட்டுல இதே கததான், அதனாலதான் இத விவரமா எழுதுறேன். மோட்டார் வேணாம், கரண்ட் வேணாம், டீசல் வேணாம்.

செய்ய முந்தி ஒரு விசயம் மனசுல பதியணும், இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும். கப்பியோ அலவாங்கோ, எந்த மெசினும் மொத்த வேலைய குறைக்காது. பலத்த குறைச்சா தூரத்த கூட்டும், பலம் பாதியானா கயிறு ரெண்டு மடங்கு இழுக்கணும். இத நம்மாளுங்க எல்லாரும் கையால அறிஞ்சவங்கதான். 5 அடி அலவாங்க (கடப்பாரை) எடுத்துக்குங்க, நுனியில இருந்து 6 அங்குலத்துல முட்டுக்கல் வச்சு பாறைய நெம்புறீங்க, கைப்பக்கம் 54 அங்குலம், பாறைப் பக்கம் 6, அப்ப 9 மடங்கு. நீங்க 40 கிலோ அளவுக்கு அமுக்கினா நுனியில 360 கிலோ தூக்கு வருது. ஆனா கை ஒன்றரை அடி கீழ போனாத்தான் பாறை 2 அங்குலம் எழும்பும். பலத்துல வாங்கின லாபத்த தூரத்துல கட்டியாச்சு.

சரிவும் அப்படித்தான், சரிவே ஒரு மெசின். நானுஓயாவுக்கு 1885லயே ரயில் வந்துட்டு, பதுளைக்கு 1924ல. நடுவுல பட்டிப்பொல ஸ்டேசன் கடல் மட்டத்துக்கு மேல 1898 மீட்டர், அவ்வளவு உசரத்துக்கு ரயில் எப்படி ஏறுது? நேரா ஏறல, 44 அடி ஓடினா 1 அடி உசருற மாதிரி வளைச்சு வளைச்சு பாதைய போட்டிருக்காங்க. தெமோதரையில பாத்தா பாதை ஒரு சுத்து சுத்தி, தன்னோட ஸ்டேசனுக்கு கீழயே குகைக்குள்ள போகுது. ஒரு ஸ்குரூ ஆணிய கையில எடுத்து அந்த மரைய பாருங்க, அதுவும் சுத்தி வளைஞ்ச சரிவுதான், தெமோதரையும் ஆணியும் ஒரே யோசனை.

சரி, வேலைக்கு வருவோம்.

என்னென்ன வேணும்

கப்பி 2, இரும்புல, ஹாட்வெயார் கடையில கிடைக்கும். வாங்கும்போது சில்ல விரலால தட்டி சுத்தி விடுங்க, ரெண்டு மூணு சுத்து லேசா ஓடணும், கரகரன்னு நின்னா வாங்காதீங்க. சில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளிய கட்டாயம் பாருங்க, கயிறு அதுக்குள்ள நுழையுற அளவுக்கு இருக்கவே கூடாது (ஏன்னு பின்னால சொல்றேன்).

நைலோன் கயிறு 12 மில்லிமீட்டர், 40 அடி சரிவுக்கு 100 அடி, அதாவது 30 மீட்டர். தென்னங்கயிறு வேணாம், நம்ம மழைக்கு உள்ளுக்குள்ள உக்கிப் போயிரும், வெளிய பாத்தா தெரியாது.

அப்புறம் சறுக்குப் பலகை. மூணடி நீளத்துல ரெண்டு மரச்சட்டம், குறுக்க நாலு பலகை, சட்டத்துக்கு அடியில பழைய கூரைத் தகரத்த வெட்டி அடிச்சிருங்க, முன் நுனிய மேல் நோக்கி வளைச்சு விட்டா கல்லுல மாட்டாது. எங்களோடது 6 கிலோ வந்துச்சு.

முதல்ல சரிவ சரி பண்ணுங்க

நிறைய பேர் கப்பியில இருந்து தொடங்குவாங்க, அது பிழை. எங்க சரிவு ரெண்டடி நடந்தா ஒரு அடி ஏறுற சரிவு. 50 கிலோ மூட்டைய அதுல இழுக்க கணக்குப்படி 25 கிலோ பலம் போதும். ஆனா சாக்க வெறும் மண்ணுல இழுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட 47 கிலோ கேக்கும், மண்ணு பிடிச்சு வைக்கிறதே 20 கிலோவுக்கு மேல! சரிவு குடுத்த லாபம் எல்லாத்தையும் உராய்வு தின்னுட்டு, தூக்குறதும் இழுக்கிறதும் ஒண்ணாப் போச்சு.

அதனால பட்டை உரிச்ச நீளக் கம்பு ரெண்ட சரிவுல தண்டவாளம் மாதிரி பதிங்க, ஒரு அடி இடைவெளியில, பலகையோட சட்டம் அதுக்கு மேல உக்கார்ற மாதிரி. பச்சைக் கம்பு உரிச்ச உடனே நல்லா வழுக்கும், காஞ்சா ஒரு வாளி தண்ணி ஊத்துங்க. இப்ப மூட்டையும் பலகையும் சேத்து 56 கிலோ, இழுவை 42, 43 கிலோ. எடை கூடியும் இழுவை குறைஞ்சிருக்கு பாருங்க.

கப்பி கட்டுறது

இதுதான் முக்கியமான இடம், நிதானமா வாசிங்க.

றோட்டு ஓரத்துல நல்லா வேர் ஓடின மரம் ஒண்ணு தேடுங்க, அடிமரத்துல கட்டணும், தரையில இருந்து ஒரு அடிக்குள்ள. கிளையில கட்டாதீங்க, யூக்கலிப்டஸ் கிளை காத்து கூட இல்லாம திடீர்னு முறியுற சாதி. தேயிலைச் செடியிலயும் கட்ட வேணாம், செடிக்கு கேடு, தோட்ட நிர்வாகத்துக்கும் நமக்கும் வீண் பிரச்சினை.

கயித்தோட ஒரு நுனிய அந்த அடிமரத்துல கட்டுங்க. கயிறு கீழ இறங்கி, சறுக்குப் பலகையோட முன்பக்கம் பூட்டின கப்பிய சுத்தி, திரும்ப மேல வரணும். மேல வந்த கயித்த அதே மரத்துல கட்டின ரெண்டாவது கப்பி வழியா பக்கத்துக்கு திருப்பி விடுங்க, அப்ப நீங்க றோட்டு ஓரமா சமதரையில நடந்து இழுக்கலாம், சரிவுல நின்னு கால் வழுக்க வேண்டியதில்ல.

எங்க மாமா தேயிலை ஸ்டோர்ல, அதாவது தேயிலை ஃபேக்டரியில, ஃபிட்டரா இருந்தவர், கொழுந்து வாட்டுற மேல்மாடிக்கு சாக்க ஏத்துற கப்பியெல்லாம் அவர் கையால பூட்டினது. நான் கப்பி எத்தனை வேணும்னு கேட்டப்ப அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "மருமகனே, கப்பிய எண்ணாத, சுமையப் பிடிச்சிருக்கிற கயித்த எண்ணு."

எண்ணிப் பாருங்க. பலகைய பிடிச்சிருக்கிறது ரெண்டு கயிறு, ஒண்ணு மரத்துல கட்டின பக்கம், ஒண்ணு உங்க கைக்கு வர்ற பக்கம், ஆளுக்குப் பாதி. அதனாலதான் ரெண்டு மடங்கு லாபம். பலகையோட சேந்து நகருற கப்பிதான் பலம் குடுக்குது, மரத்துல அசையாம நிக்கிற கப்பி திசைய மட்டுந்தான் மாத்துது, அது ஒரு கிலோ கூட மிச்சம் பிடிக்காது, கொஞ்சம் தின்னவும் செய்யும்.

எவ்வளவு தின்னும்? சாதாரண கப்பி ஒவ்வொண்ணுலயும் பத்துல ஒரு பங்கு போகும்னு வைங்க. நீங்க 1 கிலோ இழுத்தா மேல் கப்பிய தாண்டி 0.9, கீழ் கப்பியையும் தாண்டி 0.81, ரெண்டையும் கூட்டினா 1.71. ஆக 43 கிலோவுக்கு நீங்க இழுக்க வேண்டியது 25 கிலோ. நாலு கயிறு வர்ற மாதிரி இன்னும் ரெண்டு கப்பி போட்டா 4 மடங்கு வரும்னு நினைப்பீங்க, வராது, 3.1 மடங்குதான் வரும், கயிறோ 160 அடிக்கு மேல வேணும். 50 கிலோ மூட்டைக்கு ரெண்டு கயிறே போதும்ங்கிறது என் அபிப்பிராயம்.

முடிச்சு

நைலோன் வழுக்குற கயிறு, சும்மா ரெண்டு முடிச்சு போட்டா இழுக்க இழுக்க நழுவும். இப்படி போடுங்க: நுனியில இருந்து மூணடி விட்டு கயித்துல ஒரு சின்ன வளையம், நுனிய மரத்த சுத்தி கொண்டு வந்து வளையத்துக்கு கீழ இருந்து மேல விடுங்க, நீளக் கயித்துக்கு பின்னால சுத்துங்க, திரும்ப அதே வளையத்துக்குள்ள இறக்கி இறுக்குங்க. எவ்வளவு இழுத்தாலும் நழுவாது, வேலை முடிஞ்சா லேசா அவுக்கலாம். நுனி ஒரு சாண் நீளமாவது மிச்சம் இருக்கணும்.

தடை, இத விட்டுறாதீங்க

முதல் தடவை நாங்க கட்டினப்ப தடை வைக்கல. பாதி தூரத்துல கயிறு சில்லுல இருந்து வெளிய குதிச்சு, பக்கத் தகட்டுக்கு நடுவுல போய் இறுகிருச்சு, மேலயும் வரல கீழயும் போகல. நான் உலுக்கி இழுத்தேன், முடிச்சு நழுவி மூட்டை பலகையோட கீழ பறந்து லீக்ஸ் பாத்தி ரெண்டு நாசம். தங்கச்சி அப்பதான் அந்த வழியில இருந்து தள்ளி வந்திருந்தா, இப்ப நினைச்சாலும் நெஞ்சு பதறுது. அதனால மூட்டைக்கு கீழ யாரும் நிக்கக்கூடாது, சின்னப் பிள்ளைங்க அந்தப் பக்கமே வரக்கூடாது. உலுக்கவும் கூடாது, ஒழுங்கா இழுத்தா மரத்துக்கு 50 கிலோ அளவுதான் வரும், உலுக்கினா அது ரெண்டு மூணு மடங்காகிரும்.

தடைக்கு பெரிய சாமான் ஒண்ணும் வேணாம். கையளவு தடிப்புல ஒரு கட்டைய மேல் கப்பிக்கு பக்கத்துல மூணடி ஆழத்துல நட்டு, வர்ற கயித்த அதுல ரெண்டு சுத்து சுத்திக்கங்க. ஒருத்தர் கட்டைக்கும் கப்பிக்கும் நடுவுல கயித்த பிடிச்சு இழுக்கணும், இன்னொருத்தர் கட்டைக்குப் பின்னால நின்னு தளர்ந்து வர்ற கயித்த உடனுக்குடன் இழுத்து எடுத்துக்கிட்டே இருக்கணும். இழுக்கிறவர் கை விட்டாலும் பலகை நிக்கும். ரெண்டு சுத்துல கட்டையோட உராய்வு இழுவைய நாப்பது மடங்கு வரைக்கும் தாங்கும், பிடிக்கிறவருக்கு ஒண்ணு ரெண்டு கிலோ பாரம்தான் தெரியும், எங்க அம்மாதான் அந்த வேலைய பாக்கிறாங்க. எனக்கு இந்த மொத்த அமைப்புலயும் ரொம்பப் பிடிச்சது இந்தக் கட்டைதான். உர மூட்டைய கீழ இறக்கும்போதும் இதே ரெண்டு சுத்துதான், கயித்த கொஞ்சம் கொஞ்சமா விட்டா மூட்டை அடக்கமா இறங்கும். கையுறை போடுங்க, ஓடுற நைலோன் உள்ளங்கைய சுட்டுரும்.

முந்தி சில தோட்டங்கள்ல மேல் மலையில இருந்து ஸ்டோருக்கு கொழுந்து சாக்க கம்பியில தொங்கவிட்டு அனுப்புவாங்க, பெரியவங்கள கேட்டா சொல்லுவாங்க. இறக்கத்துக்கு கம்பி பூட்டின ஊருல ஏத்தத்துக்கு மட்டும் நம்ம பொம்பளைங்க தலையே மிச்சமாச்சு, அதுதான் எனக்கு ஆறாத குறை.

அளந்து பாருங்க

கொழுந்து நிறுக்கிற மாதிரி தொங்கு தராசு கிடைச்சா, இழுக்கிற கயித்துல ஒரு வளையம் போட்டு தராசு கொக்கிய மாட்டி, தராச பிடிச்சு இழுங்க. முதல் அசைவுல முள்ளு 30 தாண்டும், பயப்பட வேணாம், நிக்கிற பலகைய நகத்துறதுக்கு கூடுதல் பலம் வேணும். ஓட ஆரம்பிச்ச பிறகு பாருங்க, 25 பக்கத்துல நின்னா எல்லாம் சரி. ஓடும்போதும் 30க்கு மேல காட்டினா பாரத்த இறக்கிட்டு ரெண்டு கப்பியையும் கையால சுத்திப் பாருங்க, ஒண்ணு இறுகி இருக்கலாம். அச்சுல ரெண்டு சொட்டு தையல் மெசின் எண்ணெய் விடுங்க. கப்பி லேசா சுத்துதுன்னா கம்புல மண் ஒட்டியிருக்கும், தண்ணி ஊத்திக் கழுவிட்டு திரும்ப இழுங்க.