நூலகக் கவுண்டரில் எதைக் கேட்பது?

"மருத்துவப் புத்தகமெல்லாம் எந்தப் பக்கம்மா?" என்று ஒரு பெரியவர் வந்து கேட்டார். கையைக் காட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். "எதைப் பத்திப் பார்க்கணும் ஐயா?" என்றேன். கொஞ்சம் தயங்கினார். மனைவிக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்களாம். இனி வீட்டில் என்ன சமைப்பது என்றே தெரியவில்லை என்றார், குரலைத் தாழ்த்தி.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூவி தசம முறையில் நோய்கள் 616-இல் இருக்கும், சமையல் 641-இல். சர்க்கரை உள்ளவர்களுக்கான சமையல் புத்தகமும் அந்த 641-இல்தான் நிற்கும். கேட்ட அலமாரியை மட்டும் காட்டியிருந்தால் பாவம், வெறுங்கையோடு போயிருப்பார்.

அதனால் கவுண்டருக்கு வந்தால், எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதையே சொல்லிவிடுங்கள். நாலு பேர் காதில் விழ வேண்டாமென்றால் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள், போதும். கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்காது.

தலைப்பு மறந்துவிட்டதா? ஒரு பாத்திரத்தின் பெயர், கதை நடக்கும் ஊர், சுமாராக எந்த வருஷம் படித்தது, இப்படி ஏதாவது சொல்லுங்கள். அட்டையின் நிறத்தை நம்ப முடியாது, மறுபதிப்பில் மாறியிருக்கும்.

இன்னொன்று. எடுத்துப் புரட்டிய புத்தகத்தை நீங்களே அலமாரியில் செருக வேண்டாம், மேசையிலேயே வையுங்கள். இடம் மாறிச் செருகிய புத்தகத்தைக் கணினி 'உள்ளது' என்றே காட்டும். அடுத்து வருகிறவரும் நானும் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டிருப்போம்.