பக்கவாத நோயாளி கை மாறும் இடங்கள்: வார்டு குழு சேர்ந்து வேலை செய்யும் முறை

பக்கவாதம் வந்து படுத்தவரை ஒரு வாரத்துக்குள் பத்துப் பதினைந்து பேராவது கவனிக்கிறார்கள். 108 ஊழியர், அவசரப் பிரிவு டாக்டர், ஸ்கேன் டெக்னீஷியன், மூன்று ஷிஃப்ட் நர்ஸுகள், பிசியோதெரபிஸ்ட், டயட்டீஷியன், மருந்தாளுநர், வார்டு பணியாளர், கூடவே படுக்கைக்குக் கீழே பாய் விரித்திருக்கும் மகளோ மனைவியோ. அவரவர் வேலை அவரவருக்கு நன்றாகவே தெரியும். ஒருவர் கண்டுபிடித்த விஷயம் அடுத்தவர் காதுக்குப் போய்ச் சேராத இடத்தில்தான் நோயாளிக்குக் கெடுதல் நடக்கிறது. பெரிய வசதியில்லாத மாவட்ட மருத்துவமனை வார்டை மனதில் வைத்து, அந்த இடங்களை வரிசையாகப் பார்ப்போம்.

வாசலுக்கு வரும் முன்பே

முகம் கோணுகிறதா, கை தூக்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்தவுடன் ஆம்புலன்ஸ் ஊழியர் மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். அவர் கேட்டுவர வேண்டிய கேள்விகளில் முதலாவது, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பது. "எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டால் தவறான விடை வரும். காலை 6 மணிக்கு எழுப்பப் போனபோது கை வரவில்லை என்பார்கள். இரவு 10 மணிக்குப் படுக்கப் போகையில் நன்றாக இருந்தார் என்றால் கணக்கு 10 மணியிலிருந்துதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவான எல்லை நாலரை மணி நேரம் என்பதால், இந்த ஒரு விடையில் சிகிச்சையே மாறும்.

அடுத்து, வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். "ஹார்ட்டுக்கு ஒரு மாத்திரை போடுகிறார்" என்ற பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தாக இருந்தால் ஊசி போடலாமா கூடாதா என்ற முடிவே அதில் இருக்கிறது.

போன் வந்ததும் அவசரப் பிரிவு நர்ஸ் இரண்டு பேருக்குச் சொல்லிவிட வேண்டும்: சிடி டேபிளைக் காலியாக வைக்க டெக்னீஷியனுக்கு, டியூட்டி டாக்டருக்கு. நோயாளி வந்ததும் விரலில் குத்திச் சுகர் பார்க்க வேண்டும். சுகர் இறங்கினாலும் பக்கவாதம் போலவே தெரியும்.

ஊசி ஓடும் ஒரு மணி நேரம்

வாசலில் நுழைந்ததிலிருந்து 60 நிமிடத்துக்குள் ஊசி ஏற வேண்டும். கட்டியைக் கரைக்கும் மருந்து ஆல்டெப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மி.கி., அதிகபட்சம் 90 மி.கி. 60 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 54 மி.கி.; அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5.4 மி.கி., ஒரு நிமிடத்தில், மீதி 48.6 மி.கி. ஒரு மணி நேரத்தில். இந்தக் கணக்கை டாக்டரும் நர்ஸும் தனித்தனியே போட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் "சரிதானே" என்று தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. அதே வேலை செய்யும் இன்னொரு மருந்தான டெனெக்டெப்ளேஸுக்கு அளவு முற்றிலும் வேறு. இரண்டு மருந்தின் கணக்கையும் ஒரே தாளில் ஒட்டி வைக்காதீர்கள். பதற்றத்தில் கண் பக்கத்து வரிக்குத் தாவிவிடும்.

பிபி 185/110-க்குக் கீழே வந்த பிறகே ஊசி. போட்ட பிறகு 24 மணி நேரம் 180/105-ஐத் தாண்டவிடக் கூடாது. முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறையும், பிறகு மணிக்கொரு முறையும் நர்ஸ் பார்க்கிறார். முப்பது படுக்கைக்கு இரண்டு நர்ஸ் இருக்கும் வார்டில் இது தானாக நடக்காது. அந்த 2 மணி நேரத்துக்கு மற்ற படுக்கைகளை யார் பார்ப்பது என்று பொறுப்பு நர்ஸ் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

முன்கூட்டியே பேசி வைக்க வேண்டிய முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. மருந்து ஓடும்போது கடுமையான தலைவலி, வாந்தி, பிபி திடீர் ஏற்றம், நினைவு மங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் மூளையில் ரத்தக்கசிவாக இருக்கலாம். அப்போது நர்ஸ் முதலில் ஊசியை நிறுத்திவிட்டுப் பிறகு டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதை டாக்டர் கேஸ் ஷீட்டில் உத்தரவாகவே எழுதி வைத்தால்தான் இளைய நர்ஸுக்குத் தைரியம் வரும். எழுதவில்லை என்றால், டாக்டர் போனை எடுக்கும்வரை மருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கூப்பிடும் போனும் நான்கு துண்டாக இருக்கட்டும்: இப்போது என்ன, பின்னணி என்ன, என்னவென்று நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும்.

"சார், ஏழாம் பெட். ஆல்டெப்ளேஸ் ஆரம்பித்து 40 நிமிடம் ஆகிறது. இப்போது தலைவலி, ஒருமுறை வாந்தி, பிபி 194/112. ரத்தக்கசிவாக இருக்குமோ என்று நினைக்கிறேன். ஊசியை நிறுத்திவிட்டேன். நீங்கள் உடனே வர வேண்டும், சிடிக்குச் சொல்லிவிடட்டுமா?"

இருபது நொடிதான் ஆகும். "சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கிறார்" என்று தொடங்கினால் கேள்வி பதிலிலேயே மூன்று நிமிடம் போய்விடும். பதிலுக்கு டாக்டர் மருந்தளவு சொன்னால் நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்லி "ஆமாம்" வாங்கிய பிறகே எடுக்க வேண்டும்.

வாய் வழியாக எதுவும் கொடுக்கும் முன்

நாங்கள் அதிகம் கவலைப்படும் இடம் இதுதான். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் தளர்ந்துவிடும். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, இரண்டு மூன்று நாளில் நிமோனியாவாக எழுந்து நிற்கும். டாக்டர் "வாய் வழியாக ஒன்றும் வேண்டாம்" என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பார். பாவம், "காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூட இல்லையே" என்று மகள் ஃபிளாஸ்க்கிலிருந்து இரண்டு வாய் டீ ஊற்றியிருப்பாள். அவள்மேல் தப்பில்லை. கேஸ் ஷீட் நர்ஸ் மேஜையில் இருக்கிறது, ஃபிளாஸ்க் அவள் கையில் இருக்கிறது. ஆகவே அட்மிஷன் முடிந்ததும் கட்டில் தலைமாட்டில் பெரிய எழுத்தில் "சோதனை முடியும்வரை தண்ணீர், டீ, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது" என்று தமிழில் தொங்கவிடுங்கள். ஏன் என்பதையும் ஒரு வரியில் அவளிடம் சொல்லுங்கள்.

பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர் இருந்தால் சோதனையை அவர் செய்வார். பல இடங்களில் அவர் இல்லை, அல்லது வாரம் இரண்டு நாள்தான் வருவார். அதனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். நோயாளி நல்ல விழிப்பில் இருக்க வேண்டும். நேராக உட்கார வைக்க வேண்டும். "ஆ" சொல்லச் சொல்லிக் குரலைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விரலைத் தொண்டைமேட்டில் லேசாக வைத்து ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுங்கள். மேடு ஏறி இறங்குவது விரலில் தெரியும். ஒவ்வொரு முறையும் மறுபடி "ஆ". குரல் ஈரமாக, கொப்பளிப்பது போல மாறினால் இருமல் இல்லாவிட்டாலும் சோதனை தோல்விதான். சிலருக்கு இருமல் உணர்வே போயிருக்கும். மூன்று டீஸ்பூன் தாண்டினால் சிறிய கிளாஸில் 90 மி.லி. நிறுத்தாமல் குடிக்கச் சொல்லிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மூக்குக் குழாய் போட டாக்டரிடம் சொல்லுங்கள்.

முடிவு அங்கேயே நின்றுவிடக் கூடாது. அன்றே டயட்டீஷியனுக்குப் போக வேண்டும். அவர் ஆஸ்பத்திரி உணவு என்று பொதுவாக ரசம் சாதம் எழுதிவிட்டால் உழைப்பெல்லாம் வீண். ரசம் சாதத்தில் நீர் முன்னால் ஓடிவிடும், சோறு வாயிலேயே நிற்கும். விழுங்கத் திணறுபவருக்கு இதைவிடக் கடினமான உணவு குறைவு. சாம்பாரில் மிதக்கும் இட்லிக்கும் இதே கதிதான். கெட்டித் தயிரில் மசித்த சாதம், கெட்டியான ராகிக் கூழ், மசித்த வாழைப்பழம் எல்லாம் ஒரே பதமாக இருப்பதால் பாதுகாப்பு அதிகம். எந்தப் பதம் என்பதைச் சோதித்தவர் சொல்ல வேண்டும். அந்தப் பதத்தில் எவ்வளவு சத்து, எத்தனை வேளை என்பதை டயட்டீஷியன் முடிவு செய்வார்.

குழாய் வழி உணவும் இன்சுலினும் சேரும் இடத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. இன்சுலின் போட்டாயிற்று, இரவில் நோயாளி குழாயைப் பிடுங்கிவிட்டார், காலையில் போடலாம் என்று விட்டார்கள். விடியும்போது சுகர் 40. குழாய் வெளியே வந்தால் அது உணவு நின்ற செய்தி மட்டுமில்லை, இன்சுலின் செய்தியும்தான். உடனே சுகர் பார்த்து, டாக்டரைக் கேட்டு அளவை மாற்ற வேண்டும்.

மாத்திரையைப் பொடிப்பது

மருந்தாளுநரை மருந்து ஜன்னலோடு நிறுத்திவிடாதீர்கள். குழாய் போட்ட அன்றே மருந்துப் பட்டியலை அவரிடம் காட்டுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே மூச்சில் உள்ளே போகும். குடலில் கரைய மேல்பூச்சு போட்ட மாத்திரை பொடித்தால் குழாயை அடைக்கும். வலிப்புக்கான பெனிடாயின், குழாய் உணவோடு சேர்ந்தால் ரத்தத்தில் சரியாக ஏறாது. உணவுக்கும் அதற்கும் இடைவெளி விட வேண்டும். ஒவ்வொரு மாத்திரையையும் தனியாகப் பொடித்து, இடையிடையே 15 மி.லி.யாவது தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

தூக்குவதும் உட்கார வைப்பதும்

பிசியோதெரபிஸ்ட் ஒரு நாளில் அரை மணி நேரம் வருகிறார். மீதி இருபத்துமூன்றரை மணி நேரமும் தூக்குவது, புரட்டுவது, பாத்ரூம் அழைத்துப் போவது எல்லாம் வார்டு பணியாளரும் வீட்டாரும்தான். அவர் கற்றுத்தர வேண்டியதும் அவர்களுக்குத்தான். முதல் பாடம்: செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசைப் பிடிப்பு இல்லாத தோள்மூட்டு நழுவிவிடும். பிறகு மாதக்கணக்கில் வலி, வலிக்குப் பயந்து பயிற்சிக்கே மறுப்பார்கள். இடுப்பில் துண்டையோ பெல்ட்டையோ கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். நாற்காலியை நல்ல பக்கம் ஒட்டிப் போடுங்கள். தானாகப் புரள முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, நேரத்தைக் குறியுங்கள்.

எப்போது எழுப்புவது? சீக்கிரம் எழுப்பினால் நல்லது என்று முதல் நாளே நீண்ட நேரம் நடக்கவைப்பது பலனைக் குறைத்தது என்று 2015-இல் வெளியான அவர்ட் ஆய்வு காட்டியது. 24 மணி நேரம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை என்பதே நடைமுறை. எழுப்பும் முன் பிசியோ அன்றைய பிபியை நர்ஸிடம் கேட்க வேண்டும்.

இவ்வளவும் ஒன்றுசேர, காலை ரவுண்ட்ஸில் ஒரு படுக்கைக்கு ஐந்து நிமிடம் போதும். டாக்டர் கடைசியில் பேசட்டும். இரவு நடந்ததை நர்ஸ் முதலில், பிறகு பிசியோ, டயட்டீஷியன், வீட்டார். மூத்தவர் முதலில் முடிவைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

சிறிய பக்கவாதத்தில், ரத்தக்கட்டி உருவாகாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்துப் பெரும்பாலும் 21 நாள், பிறகு ஒன்று மட்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் நிறுத்த வேண்டிய தேதியை எழுதாவிட்டால், சிலர் இரண்டையும் வருடக்கணக்கில் சாப்பிட்டு ரத்தக்கசிவோடு வருகிறார்கள். சிலர் சீட்டு முடிந்ததும் இரண்டையும் நிறுத்திவிட்டு அடுத்த பக்கவாதத்தோடு வருகிறார்கள். எது நிற்கும், எது ஆயுளுக்கும் என்று தேதியோடு எழுதி, வீட்டாரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

சீட்டின் ஒரு பிரதி ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றன. ஆனால் அந்தத் தெருவில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று களப்பணியாளருக்குத் தெரிந்தால்தான் வரும்.

மூன்றாம் நாள் வார்டிலிருந்து ஒரு போன் செய்யுங்கள். மாத்திரை வாங்கியாயிற்றா, சாப்பிடும்போது இருமுகிறாரா, முதுகிலோ குதிகாலிலோ சிவந்திருக்கிறதா, தூங்குகிறாரா, யாரோடாவது பேசுகிறாரா என்று கேளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. "பிடிவாதம் பிடிக்கிறார், பயிற்சி செய்ய மாட்டேங்கிறார்" என்றுதான் வீட்டார் அதைச் சொல்வார்கள். இருமலென்றால் விழுங்கல் பயிற்சியாளரிடம், சிவப்பென்றால் ஊர்ச் செவிலியரிடம், பிடிவாதமென்றால் மனநல டாக்டரிடம் அன்றே தகவலைக் கொடுத்து, கொடுத்தவர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் பதிவேட்டில் எழுதுங்கள்.